பழைய துப்பாக்கிக் குழலுக்கு இயற்கைச் சாயம் பிடிக்குமா?

குடியாத்தத்துத் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. தாத்தா காலத்து பெல்ஜியம் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்காக அப்பா பெயரில் வாங்கிய லைசன்ஸ் நடப்பில் இருக்கிறது. குழல் முழுக்க ஒரு காலத்தில் சுருள் சுருளாக வரி ஓடியதாம். இப்போது அங்கங்கே செந்துருவும் சாம்பல் நிறமுமாக மங்கிக் கிடக்கிறது. வெளிநாட்டில் லாக்வுட் என்ற மரத்தின் சாயத்தில் கொதிக்கவைத்து இந்த வரியை மீட்பார்கள் என்று படித்திருக்கிறார். அந்த மரம் கிடைக்காவிட்டால் கடுக்காயோ பதிமுகமோ ஆகுமா என்கிறார். லேபில் வேலை செய்யும் தங்கையிடம் ஹீமடாக்சிலின் இருக்கிறது, அதுவும் லாக்வுட்தானாமே என்றும் கேட்கிறார். இதற்கு நடுவே ஒரு பட்டறைக்காரர், "சூடான புளூயிங் தொட்டியில் போட்டால் அரை மணியில் கன்னங்கரேல் என்று ஆகிவிடும்" என்று சொல்லி வைத்திருக்கிறார். புளூயிங் என்றால் சூடான ரசாயன உப்பு நீரில் குழலைக் கறுக்கவைப்பது.

நான் படித்தது தோல் பதனிடும் வேதியியல். பட்டைச் சாறும் இரும்பும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை ராணிப்பேட்டையில் வேலை பார்த்தபோது தினமும் பார்த்தவன். பிறகு, உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிப் பழுதுபார்க்கும் பட்டறையில் குழலுக்கு நிறம் ஏற்றும் வேலையில் பல வருடம் கூட இருந்திருக்கிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டால் மற்றதெல்லாம் எளிது. இயற்கைச் சாயம் இரும்பின் மேல் ஒட்டாது. பளபளவென்று தேய்த்த குழலை லாக்வுட் நீரில் நாள் முழுக்கப் போட்டாலும், கடுக்காய் நீரில் போட்டாலும், பூசணம் பிடித்தாற்போல் ஒரு அழுக்கு நிறம்தான் வரும். துணியால் துடைத்தால் போய்விடும். சாயம் பிடிப்பது துருவின் மேல். நீங்களே கட்டுப்பாட்டோடு, மெல்லிசாக, ஒரே சீராக ஏற்றிய துருப் படலம்தான் சாயத்துக்கு இருப்பிடம். துணிச் சாயக்காரர்கள் படிகாரம் போட்டுத் துணியைத் தயார் செய்வார்களே, அந்த வேலையை இங்கே துருவே செய்கிறது. எனவே சாயம் எது என்ற கேள்வி கடைசியில் வருவது. பத்தில் ஒன்பது பங்கு வேலை துரு ஏற்றுவதில் இருக்கிறது.

வேலைக்கு முன் சட்டம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 5-ஆம் பிரிவு, துப்பாக்கி செய்யவும் விற்கவும் மட்டும் அல்ல, பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும் என்கிறது. அப்பாவிடம் இருப்பது வைத்திருக்கும் லைசன்ஸ். எண்ணெய் போட்டுத் துடைப்பது, குழலுக்குள் துணி விட்டுச் சுத்தம் செய்வது எல்லாம் வைத்திருப்பவரின் பராமரிப்பு. குழலைக் கழற்றித் தேய்த்து அமிலம் பூசி நிறம் ஏற்றுவதை உரிமம் உள்ள பழுதுபார்ப்பவரிடமே கொடுங்கள். கொண்டுபோகும்போது லைசன்ஸும் அப்பாவும் கூடப் போகட்டும். ஒப்படைத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியானால் இதையெல்லாம் நீங்கள் தெரிந்துகொண்டு என்ன பயன் என்று தோன்றலாம். நிறைய பயன் உண்டு. இந்த முறையைக் கேட்டு வாங்கத் தெரியாதவர்களுக்குத்தான் அந்தச் சூடான தொட்டி கிடைக்கிறது. அது போக, சாயத்தின் குணத்தை ஒரு சாதாரண இரும்புக் கம்பியில் நீங்களே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

அந்தச் சூடான தொட்டியை ஏன் அடியோடு மறுக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய துப்பாக்கிகள் அதிகம் கெட்டது அதில்தான். இரட்டைக் குழல் துப்பாக்கியில் இரண்டு குழலும் அவற்றின் நடுவே மேலும் கீழும் ஓடும் ரிப் பட்டையும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றால் ஒட்டப்பட்டிருக்கும். அந்தப் பற்று சுமார் 183 டிகிரியில் உருகத் தொடங்கும். புளூயிங் தொட்டியின் சூடு 140 டிகிரிக்குப் பக்கத்தில்தான், அதனால் உருகாதே என்பார்கள். உருகாது, சரி. ஆனால் தொட்டியில் இருப்பது வெறும் சூடான நீர் இல்லை. அடர்ந்த காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும். காஸ்டிக், ஈயத்தையும் வெள்ளீயத்தையும் கரைத்துத் தின்னும். வெளியே எடுக்கும்போது குழல் அழகாகக் கறுத்திருக்கும். சில மாதம் கழித்து ரிப் பட்டை எழும்பும், அல்லது அதன் அடியில் புகுந்த உப்பு உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு இருக்கும். மேலும் அந்தக் கறுப்பு, வரியையும் சேர்த்து மூடிவிடும். துரு முறையில் அதிகபட்சச் சூடு கொதிக்கும் நீரின் 100 டிகிரி. பற்றுக்கு அதனால் ஆபத்து இல்லை. பழைய பிரிட்டிஷ், பெல்ஜியப் பட்டறைகள் இந்த மெதுவான வழியில் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, வரி உண்மைதானா என்று பார்க்க வேண்டும். டமாஸ்கஸ் குழல் என்பது இரும்புக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் அடுக்கி, சூட்டில் முறுக்கி, பட்டையாக அடித்து, ஒரு கம்பத்தின் மேல் சுருளாகச் சுற்றிப் பற்றவைத்தது. 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் லியேஜ் பகுதியும் இங்கிலாந்தின் பர்மிங்காமும் இதில் பேர்போனவை. வரி மேலோடு நிற்பதல்ல, உலோகத்தின் உள்வரை ஓடுவது. அதனால் எவ்வளவு மங்கினாலும் திரும்பக் கொண்டுவர முடியும். ஆனால் மலிவான துப்பாக்கிகளில் சாதாரண எஃகுக் குழலின் மேலேயே அமிலத்தால் பொய் வரி பதித்து விற்றதும் உண்டு. அதை உப்புத்தாளால் தேய்த்தால் ஒரே நாளில் வரி காணாமல் போய்விடும், திரும்பவும் வராது. எனவே குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றி, அது மூடியிருந்த அடிப்பகுதியைப் பாருங்கள். வெயிலும் கைவியர்வையும் படாத இடம் அது. பழைய நிறம் அங்கே உயிரோடு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, மூலநிறம் என்ன என்பதற்கு அதுவே சாட்சி. பழுதுபார்ப்பவர் அங்கே நகம் அளவு இடத்தை மெருகேற்றி ஒரு சொட்டு ஃபெரிக் குளோரைடு வைத்தால், உண்மையான டமாஸ்கஸில் வரி எழும்பி வரும். ஓவல் வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகள் இருந்தால் லியேஜ் சோதனைச் சாலையின் முத்திரை. அந்த முத்திரைகளின் மேல் உப்புத்தாள் படவே கூடாது.

மூலநிறம் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால் என் அபிப்பிராயம், தொடவே வேண்டாம். எண்ணெயில் நனைத்த மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் செந்துருவை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். பழம்பொருள் மதிப்பு போனால் போனதுதான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

தேய்ப்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கையால், நீளவாக்கில், தட்டையான கட்டையை வைத்து 220-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 400 வரை. மோட்டாரில் சுழலும் பஃப் சக்கரம் ஆகாது. ரிப் பட்டையின் விளிம்பெல்லாம் உருண்டு போய்விடும். ஒரே ஒரு எச்சரிக்கை: தேய்ப்பது என்றால் உலோகத்தைக் குறைப்பது. பள்ளம் பள்ளமாகத் துரு தின்ற குழலில் பள்ளம் மறையும்வரை தேய்த்தால் சுவர் மெலிந்துவிடும். 12 போர் (bore, குழல் விட்டத்தின் அளவுப் பெயர்) குழலில் சுவரின் கனம் எந்த இடத்திலும் 0.020 அங்குலத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது பிரிட்டிஷ் துப்பாக்கித் தொழிலில் பொதுவாகப் பின்பற்றும் அளவு. தேய்ப்பதற்கு முன்பே சுவரின் கனத்தை அளக்கச் சொல்லுங்கள். பள்ளம் சில இருந்துவிட்டுப் போகட்டும்.

பிறகு எண்ணெய்ப் பசை போக வேண்டும். பழைய பட்டறைகள் இதற்கு நீற்றுச் சுண்ணாம்பைக் குழைத்துத் தேய்த்தார்கள். இன்றும் அதைவிட நல்லது தெரியவில்லை எனக்கு. தேய்த்துக் கழுவியதும் வெறும் கையால் தொடக் கூடாது. தொட்டால் விரல் ரேகை அப்படியே கடைசிவரை நிற்கும்.

இனி தண்ணீர். நம் ஊருக்கென்றே உள்ள சிக்கல் இது, வெளிநாட்டுப் புத்தகத்தில் இருக்காது. பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரில் தோல் தொழிற்சாலைக் கழிவு எவ்வளவு இறங்கியது என்பது ஊரறிந்த கதை. 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பான வழக்கு அது. அந்தத் தொழிலில் இருந்தவன் என்பதால் எனக்கு அதில் வருத்தமும் உண்டு. தோலைப் பதப்படுத்தும் உப்பில் இருப்பது குளோரைடு. போர்வெல் நீரில் குழலைக் கொதிக்கவைத்தால் அந்தக் குளோரைடு துருப் படலத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும், வேலை முடிந்த பின்னும் புள்ளி புள்ளியாகத் துருவைக் கிளப்பும். கடின நீரில் உள்ள சுண்ணாம்போ சாயத்தின் நிறத்தையே திருப்பிவிடும். எனவே ஆர்.ஓ. நீர், இல்லாவிட்டால் மாடியில் சுத்தமாகப் பிடித்த மழை நீர். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இன்னும் நல்லது. கொதிக்கவைக்கும் தொட்டி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். சாதாரண இரும்புத் தொட்டி என்றால் சாயம் குழலில் ஏறுவதற்கு முன் தொட்டியோடு சேர்ந்து கறுத்துவிடும்.

துரு ஏற்றும் திரவத்துக்குப் பழைய குறிப்புகள் பல உண்டு. நிறைய குறிப்புகளில் பாதரச குளோரைடும் நைட்ரிக் அமிலமும் வரும். பாதரச உப்பு கொடிய விஷம். அதை யார் சிபாரிசு செய்தாலும் கேட்க வேண்டாம். நவச்சாரம் கரைத்த நீர் போதும், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் பயன்படுத்துகிறார்களே அதே நவச்சாரம்தான். அல்லது மின்சுற்று அட்டை அரிக்கும் ஃபெரிக் குளோரைடை மிக நீர்க்கச் செய்து பயன்படுத்தலாம். பஞ்சைத் தோய்த்துப் பிழிந்து, ஏறக்குறைய காய்ந்த நிலையில், நுனியிலிருந்து அடிவரை ஒரே இழுப்பாகப் பூச வேண்டும். சொட்டக் கூடாது, அதே இடத்தில் இரண்டு முறை தேய்க்கக் கூடாது. அப்புறம் ஈரப்பதம் உள்ள பெட்டிக்குள் குழலைத் தொங்கவிட்டு விட வேண்டியதுதான். சில மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை ஆகும். மெல்லிய செந்துரு பொடியாகப் பூத்ததும் எண்ணெய் நீக்கிய ஸ்டீல் வுல்லால் மேலாகத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். ஆறு தடவை, எட்டுத் தடவை, சில குழலுக்கு அதற்கும் மேல்.

வேலூர் வெயிலில் ஏப்ரல், மே மாதம் இதைச் செய்தால் காற்று வறண்டு துரு சரியாகப் பூக்காது. திரவம் காய்ந்து திட்டாக நிற்கும். பெட்டிக்குள் வெந்நீர்த் தட்டு வைத்துச் சமாளிக்கலாம்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பெட்டியே வேண்டாம், பட்டறை மூலையிலேயே நன்றாக ஏறும். அவசரம் இல்லை என்றால் மழைக்காலத்துக்குக் காத்திருங்கள். அந்தக் காலத்தில் துரு வேகமாகவும் வரும் என்பதால், இரவில் பூசிவிட்டு மறுநாள் மதியம் பார்ப்பது ஆகாது. அடிக்கடி பார்க்க வேண்டும். கனமாக விட்டால் குழி விழுந்துவிடும்.

டமாஸ்கஸில் இரும்பும் எஃகும் ஒரே வேகத்தில் துருப்பிடிப்பதில்லை. ஒன்று அடர்ந்தும் ஒன்று வெளிறியும் நிற்கும். அந்த வேறுபாடுதான் வரி. ஒவ்வொரு முறை தேய்த்து எடுக்கும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். இங்கேதான் பொறுமை வேண்டும். மூன்றாவது பூச்சில் பார்த்தால் எல்லாம் கெட்டுவிட்டது போலத் திட்டுத் திட்டாக இருக்கும். விட்டுவிடக் கூடாது, ஐந்தாவது ஆறாவதில் சேர்ந்துவிடும்.

சரி, இப்போது சாயத்துக்கு வருவோம்.

லாக்வுட் மெக்சிகோ, பெலீஸ் பக்கத்து முள் மரம். அதன் உள்மரத்தில் ஹீமடாக்சிலின் என்ற பொருள் இருக்கிறது. அதற்குத் தன்னளவில் பெரிய நிறம் கிடையாது. காற்றுப் பட்டு ஆக்சிஜன் ஏறினால் ஹீமடீன் ஆகும், அதுதான் சாயம். அந்தச் சாயம் எந்த உலோகத்தோடு சேர்கிறதோ அதற்கேற்ப நிறம் காட்டும். படிகாரத்தின் அலுமினியத்தோடு நீல ஊதா, இரும்போடு கறுப்பு. 19-ஆம் நூற்றாண்டில் கறுப்புத் துணிக்கு இது பெரிய வியாபாரச் சாயம். பிரிட்டிஷ் துப்பாக்கிப் பட்டறைகள் துரு ஏற்றி முடித்த குழலைக் கடைசியில் வெந்நீரில் முக்கி எடுக்கும்போது அந்த நீரில் லாக்வுட் சீவலைப் போட்டன. வெறும் செம்பழுப்பாக இருந்த துரு, அதனால் நாவற்பழத் தோலின் ஆழத்துக்குப் போகும். துரு அடர்ந்த வரியில் சாயமும் அதிகம் பிடிக்கும், வெளிறிய வரியில் குறைவாகப் பிடிக்கும். வரிகளுக்கு நடுவேயுள்ள வித்தியாசம் கூடித் தெரிவது இதனால்தான்.

ஆனால் லாக்வுட்டுக்குப் போகிற புகழில் ஒரு பங்கு வெந்நீருக்குச் சேர வேண்டியது. செந்துருவைக் கொதிக்கும் நீரில் போட்டாலே அது மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாக மாறத் தொடங்கும். ஒவ்வொரு பூச்சுக்கும் கொதிக்கவைத்தால் கிடைப்பது கறுப்புக் குழல்; கொதிக்கவைக்காமல் ஏற்றிக் கடைசியில் மட்டும் வெந்நீர் காட்டினால் பழுப்புக் குழல். எனவே சாயம் என்ன செய்தது என்று தெரிய வேண்டுமானால் ஒரே மாதிரித் துரு ஏற்றிய இரண்டு கம்பித் துண்டுகளை எடுங்கள். ஒன்றை வெறும் கொதிநீரிலும் மற்றதைச் சாய நீரிலும் அதே நேரம் வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவுதான் சாயத்தின் பங்கு. எந்தச் சாயத்தைச் சிபாரிசு செய்கிறவரிடமும் இந்தச் சோதனையைக் கேளுங்கள்.

இனி பதிமுகம். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பதிமுகம் என்று நாட்டு மருந்துக் கடையில் விற்பது சப்பான் மரத்தின் சிவந்த உள்மரம். தண்ணீர் கொதிக்கவைத்துக் குடிக்கக் கேரளத்தில் போடுவார்களே அது. அதிலுள்ள சாயப்பொருள் பிரேசிலின். லாக்வுட்டின் ஹீமடாக்சிலினும் இதுவும் அக்கா தங்கை: ஹீமடாக்சிலினில் ஆறு ஆக்சிஜன், பிரேசிலினில் ஐந்து, மற்றபடி கட்டமைப்பு ஒன்றே. இதுவும் காற்றுப் பட்டு ஆக்சிஜன் ஏறித்தான் சாயமாகும், இதுவும் இரும்போடு சேர்ந்து கறுத்த ஊதாவுக்குப் போகும். லாக்வுட் அளவுக்குக் கறுக்காது. கொஞ்சம் சிவப்பு மிச்சம் வைக்கும். பழுப்பு டமாஸ்கஸுக்கு அந்த மிச்சச் சிவப்பு குறையே இல்லை என்பது என் கருத்து. நேராகச் சொன்னால், கறுத்த குழல் வேண்டாம், வரி தெரிய வெதுவெதுப்பான பழுப்பு வேண்டும் என்கிறவருக்கு நான் லாக்வுட்டைத் தேடி அலையச் சொல்ல மாட்டேன். குடியாத்தத்திலோ வேலூர் லாங் பஜார் பக்கமோ கிடைக்கும் பதிமுகம் போதும்.

வாங்கும்போது சீவலாக வாங்குங்கள், பொடி வேண்டாம். பொடி குழலில் ஒட்டிப் புள்ளி விழும். ஒரு சிட்டிகையை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு கிண்ணத்தில் பிரித்து, ஒன்றில் எலுமிச்சைச் சாறும் ஒன்றில் சோடா உப்பும் விடுங்கள். நல்ல சரக்கு எலுமிச்சையில் மஞ்சளாகும், சோடாவில் செக்கச் செவேல் என்று ஆகும். இரண்டிலும் நிறம் அசையாவிட்டால் அது வெறும் கலர்ப்பொடி ஏற்றிய மரம். இந்தச் சோதனையிலேயே இன்னொன்றும் புரியும்: அமிலம் கூடினாலும் காரம் கூடினாலும் நிறம் ஓடிவிடும் சாயம் இது. அதனால்தான் தண்ணீரைப் பற்றி அவ்வளவு சொன்னேன்.

சீவலைத் துணியில் மூட்டையாகக் கட்டி, முந்தின நாளே ஊறப்போட்டு, மறுநாள் கொதிக்கவைத்து நீர் நன்றாகச் சிவந்ததும் மூட்டையை எடுத்துவிட வேண்டும். குழலை முதலில் வெறும் கொதிநீரில் முக்கிச் சூடேற்றி, அப்புறம் சாய நீருக்கு மாற்ற வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும். வரியின் வெளிறிய பக்கமும் நிறம் பிடிக்கத் தொடங்கிவிட்டால் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் எல்லாம் ஒன்றாகக் கலங்கிவிடும். போதாது என்று தோன்றினால் இன்னொரு பூச்சுத் துரு ஏற்றி மறுபடி முக்கலாம். துருவே இல்லாத இடத்துக்கு நிறம் வர வேண்டும் என்று நேரத்தை நீட்டுவதால் ஒன்றும் நடக்காது.

கடுக்காய்க்கு வேறு குணம். அதில் இருப்பது டானின். இரும்போடு சேர்ந்தால் நீலக் கறுப்பான இரும்பு டானேட் உருவாகும். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் சரக்கு இது. நம் பக்கத்துத் தோல் தொழிலுக்கும் துணிச் சாயத்துக்கும் பழைய உறவு. காளத்திக் கலம்காரித் துணியின் கறுப்புக் கோடு இதே வேதியியல்தான்: கடுக்காய் ஏற்றிய துணியின் மேல் வெல்லத்தில் புளிக்கவைத்த இரும்பு நீரால் வரைந்ததும் கோடு கறுத்து நிற்கும். 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை காளத்தியும் வட ஆற்காட்டைச் சேர்ந்ததுதான், அந்த வகையில் இது நம் மாவட்டத்துக் கறுப்பு. இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் பழைய இரும்புப் பொருளின் துருவை அடக்க டானிக் அமிலம் பூசுகிறார்கள். கடைகளில் விற்கும் ரஸ்ட் கன்வெர்ட்டர்கள் பலவற்றிலும் அதுவே இருக்கிறது. ஆக, கடுக்காய் வேலை செய்யும். சந்தேகமே இல்லை.

ஆனால் உங்கள் குழலுக்கு நான் சொல்ல மாட்டேன். கடுக்காய் நீர் நல்ல புளிப்பு. சூட்டில் அதிக நேரம் வைத்தால் நீங்கள் வாரக்கணக்கில் ஏற்றிய துருவையே கரைக்கத் தொடங்கும். அது மட்டும் இல்லை, அதன் கறுப்பு ஒரே தட்டையான கறுப்பு. அடர்ந்த வரி, வெளிறிய வரி என்று பார்க்காமல் இரண்டையும் மூடும். வரி இல்லாத சாதாரண எஃகுக் குழலுக்கு, அதுவும் ஒற்றைக் குழலுக்கு, இது மலிவும் அழகுமான கறுப்பு. டமாஸ்கஸில் வரிதானே எல்லாம்! ஆவாரம்பட்டையும் யோசனைக்கு வரலாம். அதன் டானின் வேறு இனம், இரும்போடு பச்சை கலந்த கறுப்பாகத்தான் போகும். தோலுக்கு ஆவாரம்பட்டையைப் போல வராது, குழலுக்கு வேண்டாம்.

தங்கையிடம் உள்ள ஹீமடாக்சிலின் லாக்வுட்டிலிருந்து வந்ததுதான். அவர் சொல்வது முழு உண்மை. வேலூர் சி.எம்.சி. போன்ற ஆஸ்பத்திரிகளில் திசுவைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்க்கும்போது செல்லின் உட்கரு நீலமாகத் தெரிவது அந்த மரத்தின் சாயத்தால். ஆனால் லேபில் பாட்டிலாக வைத்திருக்கும் கரைசலில் சாயத்தோடு படிகாரம் முன்பே சேர்த்திருக்கும். அலுமினியத்தோடு கை கோத்துவிட்ட சாயம் துருவைத் தேடி வராது. வந்தாலும் நிறம் வேறாக இருக்கும். கூடவே அமிலமும் இருக்கும். சில பழைய தயாரிப்பு முறைகளில் பாதரச ஆக்சைடும் உண்டு. கலக்காத தூளாக ரசாயனக் கடையில் வாங்கினால் வேலைக்கு ஆகும், ஆனால் ஒரு தொட்டி நீருக்கு அது பெரிய செலவு. தங்கையின் பாட்டில் லேபிலேயே இருக்கட்டும்.

சாயம் ஏற்றிய பின் குழலைச் சுத்தமான கொதிநீரில் இன்னொரு முறை முக்கி, மிச்ச உப்பு வெளியேற விட வேண்டும். நிறைய பேர் அமிலத்தை அடக்க சோடா உப்பு நீரில் கழுவுவார்கள். பதிமுகத்துக்கும் லாக்வுட்டுக்கும் அது நிறத்தைச் சிவப்பு அல்லது ஊதாப் பக்கம் தள்ளும். எனவே சோடா கழுவலைச் சாயத்துக்கு முன்பே முடித்துவிடச் சொல்லுங்கள். குழல் சூடாக இருக்கும்போதே நீர் தானாக உலர்ந்துவிடும். இளஞ்சூட்டில் ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் தடவி, ஒரு நாள் விட்டுத் துடைக்க வேண்டும். முதல் ஒரு வாரம் தினமும் பார்த்து, எங்காவது செந்துரு புதிதாகத் தலைகாட்டினால் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட வேண்டும். அது அடங்கியபின் தேன்மெழுகு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாள்பட்டால் சிக்கு வாடை அடித்துப் புளிக்கும், அந்தப் புளிப்பு நிறத்தைத் தின்னும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நிறம் வந்ததும் குழல் புதிது போலத் தெரியும், ஆனால் அதன் பலம் கூடியிருக்காது. டமாஸ்கஸ் குழல்களில் பெரும்பாலானவை கறுப்பு மருந்துக்கு, அதாவது பழைய கால வெடிமருந்துக்குச் சோதிக்கப்பட்டவை. பல பழைய 12 போர்களில் தோட்டா உட்காரும் அறையின் நீளம் 65 மில்லிமீட்டர்; அதில் 70 மில்லிமீட்டர் தோட்டாவும் உள்ளே போய்விடும், ஆனால் வெடிக்கும்போது தோட்டாவின் வாய் முழுதாக விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். முத்திரையைப் படித்து, அறையை அளந்து, சுவரை அளந்து, தகுதியான ஒருவர் சொல்லும்வரை அந்தத் துப்பாக்கியில் தோட்டா போட வேண்டாம். காட்டுப்பன்றியை விரட்ட அப்பாவுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, வேலை முடிந்ததும் ஆம்பூரில் நல்ல தோல் உறை தைத்துப் போட வேண்டும் என்று ஆசை வரும். தைத்துக்கொள்ளுங்கள், பட்டறைக்குக் கொண்டுபோய் வர உதவும். ஆனால் அதற்குள் துப்பாக்கியை வைத்து மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிட்ட அமிலமும் உப்பும் அதில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் போகும் பூட்டிய அலமாரியில் வாயைக் கீழ்ப்பக்கமாகச் சாய்த்து வையுங்கள். அப்போதுதான் குழலில் உள்ள எண்ணெய் வழிந்து கட்டையில் ஊறாது.